ஊர் சொல்லாத சேலை

1

கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறுகிறவன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வெளியேறுவது எங்கள் பக்கத்தில்தான் நடக்கும். ரசத்துக்கு மறுசோறு வாங்கி, மோரும் குடித்து, கை கழுவிய பிறகுதான் "நான் வாரனுங்ணா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். "மறுக்கா எப்ப வாரே?" என்றார் அண்ணன். "வரமாட்டனுங்க" என்றேன். "செரி, வெயிலா இருக்குது, ஓரமாப் போ" என்றார். அவ்வளவுதான் சண்டை.

அவிநாசிச் சாலையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் மலேசியாவிலிருந்து கொண்டுவந்த பை. கையில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் ஒரு அரக்குச் சேலை. அந்தச் சேலைக்கு உரியவர் இறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதை என் மனைவிக்குக் கொண்டுபோகிறேன்.

தென்னந்தோப்பு முனையில் ஒரு நாய் வழிமறித்துக் குரைத்தது. "கொஞ்சம் தள்ளுங்க" என்றேன். மலேசியாவில் என் மனைவி இதற்காகவே என்னைக் கேலி செய்வாள். நாய்க்கும் மரியாதை, பூனைக்கும் மரியாதை, சம்பளம் தராத முதலாளிக்கும் மரியாதை என்பாள். நாய் என்னைப் பார்த்து யோசித்துவிட்டுத் தள்ளித்தான் போனது. ஊரில் அன்றைக்கு என் பேச்சைக் கேட்டது அது ஒன்றுதான்.

எனக்கு நடக்கும்போதுதான் யோசனை ஓடும். பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டதும் நடந்துகொண்டே எடுத்த முடிவுதான். பள்ளிக்கூடம் இடது பக்கம் வந்தது, நான் நேராகப் போய்விட்டேன்.

2

நான் இருப்பது சிகாமட். ஜொகூர் மாநிலத்தில் ஒரு ஊர். சுற்றிலும் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம், நடுவில் ரயில் நிலையம், மழை வந்தால் வெள்ளம். அங்கே நான் போய்ச் சேர்ந்தது திட்டமிட்டு அல்ல. லாரியில் கிளீனர், போர்வெல் வண்டியில் உதவியாள், திருப்பூரில் சாயப்பட்டறை என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, ஏஜெண்ட் ஒருவர் பேச்சைக் கேட்டுப் போத்தனூரில் ரயிலேறிச் சென்னை போய் விமானம் ஏறினேன். சூப்பர் மார்க்கெட் வேலை என்றார். இறக்கிவிட்டது மரப்பலகைத் தொழிற்சாலையில். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஒரு கொட்டகையில் அடுக்கிப் படுக்க வைத்தார்கள், கை விரல் ஒன்றின் நுனியை ரம்பம் வாங்கிக்கொண்டது. ஒரு விடியற்காலை பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு நான் மட்டும் கிளம்பி வந்தேன். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் வேலை கிடைத்தது. லெட்சுமியும் கிடைத்தாள். காகிதங்கள் கிடைக்கத்தான் பல வருடம் ஆனது. குடிநுழைவு அலுவலகத்தில் நான் உட்கார்ந்த நாற்காலிகள் எல்லாம் இப்போது என் முதுகின் அளவுக்குக் குழிந்திருக்கும்.

இப்போது ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். காலையில் லெட்சுமி நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டுவாள், நான் வாழையிலை நறுக்கிக் கொடுப்பேன். அப்படி ஒரு காலையில்தான் ஊரிலிருந்து வாட்ஸப்பில் படம் வந்தது.

எங்கள் குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். அதையொட்டி ஒரு கருங்கல் பலகை வைக்கப்போகிறார்கள். உச்சியில் என் தாத்தாவின் தாத்தா நாச்சிமுத்து, அவருக்குக் கீழே வம்சம். ஆண்கள் பெயருக்குப் பக்கத்தில் அவரவர் மனைவி. எங்கள் குடும்பத்தில் மருமகள்களைப் பெயர் சொல்லி எழுதுவதில்லை, பிறந்த ஊரைச் சொல்லித்தான் எழுதுவோம். காங்கேயத்தில் பிறந்தவர் காங்கேயத்தாள், வெள்ளகோயிலில் பிறந்தவர் வெள்ளகோயிலாள். ஊர் தெரிந்தால் பிறந்த வீடு தெரியும், கூட்டம் என்கிற குலப்பிரிவு தெரியும், யார் சீர் கொண்டுவர வேண்டும் என்பது தெரியும். பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்தப் படத்தில் 'சின்னச்சாமி' என்று என் பெயர் இருந்தது. பக்கத்தில் ஒரு கோடு.

லெட்சுமி இலையைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். "எல்லாருக்கும் ஊர் இருக்கு. எனக்குக் கோடு போட்டிருக்காங்க" என்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கோடு நல்லா நேரா இருக்கு" என்றாள்.

அவளை ஒரு முறை ஊருக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். கோயிலில் பெண்கள் சூழ்ந்துகொண்டு "எந்தக் கூட்டமுங்க?" என்று கேட்டார்கள். அவள் பயந்துபோய், "கூட்டமா வரலைங்க, ரெண்டு பேருதான் வந்தோம்" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய பாட்டன், பூட்டன் எல்லாம் கப்பலில் வந்து பால்மரம் என்கிற ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று கேட்டால் 'கோயமுத்தூர்ப் பக்கம்' என்பார்கள். கப்பல் ஏற்றியவர் எழுதிக்கொண்டது அவ்வளவுதான்.

கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள் தரணிக்கு இதைச் சொன்னேன். "அப்பா, ஒரு கல்லு. அதுக்கு ஏன் இவ்வளவு பெனிங்?" என்றாள். பெனிங் என்றால் மலாயில் தலைவலி. அவள் பேசும் தமிழில் முக்கியமான சொற்கள் எல்லாம் மலாயிலும் இங்கிலீஷிலும் இருக்கும், 'அப்பா'வும் 'ஏன்'னும் மட்டும் தமிழில் வரும். அந்த இரண்டும் போதும் என்று விட்டுவிட்டேன்.

சில நாள் லெட்சுமி என்னை இலை நறுக்கச் சொல்லவில்லை. அவள் கோபம் அப்படித்தான், வேலை வாங்க மாட்டாள். ஒரு நாள் தானாகவே சொன்னாள்: "லீவு போட்டுப் போய்ட்டு வாங்க. அந்தக் கோட்டை எடுக்க முடியுமான்னு கேளுங்க. முடியலன்னா பரவால்ல. ஆனா கேட்டுட்டு வாங்க."

3

பெரியப்பா மகன் துரைசாமி அண்ணன்தான் திருப்பணிக் குழுவுக்குத் தலைவர். பனியன் துணி ஏற்றுமதி, கோழிப்பண்ணை, தென்னந்தோப்பு என்று எல்லாம் உண்டு. கெட்டவர் இல்லை. என் அப்பா சாகக் கிடந்தபோது நான் வர முடியாமல் மலேசியாவில் காகிதம் இல்லாமல் மாட்டிக்கொண்டிருந்தேன். கொள்ளி வைத்தவர் அவர்தான். அதை ஒரு முறைகூட என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை.

வீட்டுக் கூடத்தில் நாச்சிமுத்துத் தாத்தாவின் பெரிய வண்ணப்படம் மாட்டியிருந்தது. அந்தக் காலத்தில் அவரை யாரும் படம் பிடித்ததில்லை. கோயமுத்தூரில் படிக்கும் அண்ணன் மகன் கணினியிடம் கேட்டு வாங்கியிருக்கிறான். முறுக்கு மீசை, பட்டுத் தலைப்பாகை, மார்பில் பதக்கம். வெள்ளைக் குதிரைமேல் உட்கார்ந்து எங்கோ பகைநாட்டைப் பார்க்கிறார். குதிரைக்கு ஐந்து கால். நான் இரண்டு முறை எண்ணினேன். வீட்டில் வேறு யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

"இதையேதான் கல்லுலயும் செதுக்கறோம்" என்றார் அண்ணன். "எப்படி இருக்குது?"

"வசதியாத்தான் இருந்திருக்காருங்க" என்றேன்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தாது வருஷப் பஞ்சத்தில் ஊர் அழிந்தபோது நாச்சிமுத்து வடக்கே மாட்டு வியாபாரத்துக்குப் போனார், பொருளோடு திரும்பினார், கல் கட்டிய கிணறு வெட்டினார், அந்தத் தண்ணீரில்தான் வம்சம் தழைத்தது. பல்லடத்தாள் அவர் மனைவி. கல்லில் அவர்கள் இருவரும்தான் உச்சியில்.

என் பெயருக்குப் பக்கத்துக் கோட்டைப் பற்றிக் கேட்டேன். அண்ணன் வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: "எனக்கென்ன வஞ்சனையா கண்ணு? எந்த ஊரு, எந்தக் கூட்டம்னு ஒரு ஆதாரம் வேணுமல்லோ? நாலு பேரு படிக்கற கல்லு."

"நாச்சிமுத்துத் தாத்தாவுக்கு என்ன ஆதாரமுங்ணா?"

"பத்திரம் இருந்துச்சு. பொட்டியோட கரையான் தின்னுபோச்சு. ஆபீசுல நகல் கெடக்கும். எவன் அலையறது?"

அலைவது என்றால் என் தொழில். நான் அலைகிறேன் என்றேன். தாத்தாவின் கதையை ஆதாரத்தோடு கொண்டுவந்தால் கோட்டைப் பற்றிப் பேசலாம் என்றார். கைகூட நீட்டினார். குலுக்கிக்கொண்டோம்.

4

பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்தவர் இளைஞர். நல்லவிதமாகத்தான் பேசினார்.

"ஆதார் கார்டு குடுங்க."

"இல்லீங்க. வெளிநாட்டுல இருக்கறனுங்க."

"ஆதார் இல்லாம நீங்க ஆருன்னு எப்படிங்க தெரியும்?"

"செத்துப்போன எங்க பாட்டனாரை ஆருன்னு நம்பறீங்களே."

"அவரு பதிவு பண்ணியிருக்காருங்களே" என்றார். கடைசியில் அண்ணன் மனைவி வந்து தன் ஆதாரைக் காட்டி மனு எழுதிக் கொடுத்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். கல்லில் அவர் வெள்ளகோயிலாள். ஸ்கூட்டியில் வந்தவர், நாச்சிமுத்து யார் என்று கேட்ட இடத்தில் எல்லாம் "எங்க மாமனார் ஊட்டுப் பெரியவருங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பருத்திக்கொட்டை வாங்க வேண்டும் என்று போய்விட்டார்.

வாரம் ஓடியது. நடுவே வேறு இடங்களிலும் அலைந்தேன். தாலுகா அலுவலகத்தில் பழைய நிலப் பதிவேடு எலி கொண்டுபோன மிச்சம் இருந்தது. குலதெய்வக் கோயிலில் தாத்தா கொடுத்ததாகச் சொல்லப்படும் விளக்கில் பெயர் இருந்தது. தேய்த்துப் பார்த்தால் அது பாத்திரக்கடைக்காரர் பெயர். வடக்கே மாட்டு வியாபாரம் போனதற்கு எங்கும் ஒரு சுவடும் இல்லை. உடுமலைப்பேட்டைச் சந்தைக்காவது போயிருப்பார் என்று தேடிப்போனேன். அங்கே எல்லோரும் தேங்காய் விலை பேசினார்கள். இளநீர் குடித்துவிட்டு வந்தேன்.

டீக்கடையில் 'தாப்பாவ்' என்று கேட்டு மானம் போனதும் அந்த வாரத்தில்தான். பார்சல் என்பதற்குச் சிகாமட்டில் அப்படித்தான் சொல்வோம். கடைக்காரர் என்னை மலையாளி என்று முடிவு செய்து, அதற்குப் பிறகு என்னிடம் மலையாளத்திலேயே பேசினார்.

நகல் வந்தது. பாகப்பிரிவினைப் பத்திரம். நாச்சிமுத்து உயிரோடு இருந்தபோதே மகன்களுக்குப் பிரித்து எழுதியது. புள்ளி இல்லாத எழுத்து, எனக்குப் பாதி புரியவில்லை. வெளியே மரத்தடியில் மேசை போட்டிருந்த பத்திர எழுத்தர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உரக்கப் படித்தார்.

"மேற்படி நாச்சிமுத்துவாகிய எனது மூத்த சம்சாரம் பல்லடத்தாள் பஞ்சத்தில் சந்ததியின்றிக் காலமாகிவிட்டபடியாலும், நான் கண்டிச் சீமைக்குக் கூலிக்குப் போய்த் திரும்பியபோது உடன் வந்த இளைய சம்சாரம் மாரியாயி வயிற்றில் பிறந்த…"

"நிறுத்துங்க" என்றேன். "கூலிக்கா?"

"கூலிக்குத்தானுங்க. காப்பித் தோட்டமா இருக்கும். அப்பல்லாம் இலங்கைக்குக் கூட்டங்கூட்டமாப் போனாங்க."

"அந்த மாரியாயி எந்த ஊருன்னு போட்டிருக்குதா?"

அவர் விரலால் தடவிப் பார்த்தார். "மூத்தவளுக்குப் பல்லடம், தகப்பன் பேரு எல்லாம் இருக்குது. இவங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. வெறும் மாரியாயி."

டீ வரவழைத்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு வேறு ஒன்றும் வந்தது. பல்லடத்தாளுக்குப் பிள்ளையே இல்லை. நான், துரைசாமி அண்ணன், ஐந்து கால் குதிரையை வரைந்த அவர் மகன், எல்லோரும் காப்பித் தோட்டத்திலிருந்து கூலிக்காரர் ஒருவர் கூட்டிவந்த, ஊர் பெயர் இல்லாத பெண்ணின் வழி. மரப்பலகைத் தொழிற்சாலைக் கொட்டகையில் படுத்துக்கொண்டு, இந்த வம்சத்தில் என்னைப்போல ஒருவனும் சீரழிந்திருக்க மாட்டான் என்று நினைத்துக்கொள்வேன். வம்சத்தைத் தொடங்கியவரே சீரழிந்துதான் வந்திருக்கிறார்.

5

அன்று வெள்ளிக்கிழமை. நான் திரும்பியபோது நங்கை வீட்டுப் பூசைக்குச் சேலை வைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் நல்ல காரியம் வருமுன் செத்துப்போன மருமகள்களுக்குப் புதுச்சேலை வைத்துக் கும்பிடுவோம். பலகையில் ஒவ்வொரு சேலையாக விரித்து, அவரவர் பிறந்த ஊரைச் சொல்லி அழைக்க வேண்டும். பூசை முடிந்ததும் அந்தச் சேலைகளை வீட்டு மருமகள்கள் கட்டிக்கொள்வார்கள். ஆண்கள் இதில் தேங்காய் உடைப்பதோடு சரி.

தூணோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பத்திர நகல் பைக்குள் இருந்தது. யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

"பல்லடத்தா, வந்து வாங்கிக்குங்க" என்று ஒரு பச்சைச் சேலை. "காங்கேயத்தா, வந்து வாங்கிக்குங்க" என்று ஒரு மஞ்சள். "அவிநாசியா" என்று ஒன்று. என் அம்மா தாராபுரத்தாள், அவருக்கு ஒரு நீலம். எல்லாம் வைத்த பிறகு ஓரமாக ஒரு அரக்குச் சேலையை விரித்தார். அதற்கு எதுவும் சொல்லவில்லை. சும்மா வைத்துவிட்டுக் குங்குமம் வைத்தார்.

சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். பேர் தெரியாமல் செத்தவர்கள் யாருக்கோ என்று நினைத்திருந்தேன்.

"இது ஆருக்குங்க நங்கை?"

அவர் திரும்பியும் பார்க்கவில்லை. "மாரியாயி ஆத்தாளுக்குங்க" என்றார்.

நான் தூணைவிட்டு எழுந்தேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க மாமியா சொன்னாங்க. அவிகளுக்கு அவிக மாமியா சொன்னது. ஊரு தெரியாததால கூப்புடறதில்ல, சும்மா வெச்சுப்போடறது. இந்தச் சேலையை ஊட்டுல ஆரும் கட்டறதுமில்லீங்க. கட்டுனா நம்மளுக்கும் பொறந்த ஊடு இல்லாமப் போயிரும்னு ஒரு பயம். அடுத்த வருசம் ஆருக்காச்சும் குடுத்துருவோம்."

"கண்டிச்சீமையிலிருந்து வந்தவங்கன்னும் தெரியுமா?"

"அக்கரையிலிருந்து வந்தாங்கன்னு தெரியுமுங்க. நம்ம ஊட்டு எல்லா ஆம்பளைகளும் அவிக வயித்து வழிதானுங்களே?"

"அண்ணனுக்கு?"

நங்கை குங்குமச் சிமிழை மூடினார். "அவிக கேக்கலீங்க. கேட்டாச் சொல்லியிருப்போம். குதிரை வரையறக்கு மட்டும் எங்களக் கேட்டாங்களாக்கும்?"

6

அண்ணனிடம் பத்திரத்தைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். மடித்து மேசைமேல் வைத்து, அதன்மேல் வெற்றிலைப் பெட்டியை வைத்தார், பறந்துவிடக் கூடாது என்பதைப்போல.

"இது நமக்குள்ள இருக்கட்டும்" என்றார்.

"கல்லுல பல்லடத்தா பேருக்குக் கீழ மாரியாயின்னு போடோணுமுங்ணா. அவிகளுக்கும் ஊரில்ல. அவிகளப் போட்டீங்கன்னா என் சம்சாரத்தையும் பேர் சொல்லிப் போட்டுறலாம்."

"கூலிக்காரன்னு போடச் சொல்றியா?"

"அது வேண்டாமுங்க. குதிரைய மட்டும் இறக்கி விட்டுறலாம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏன் சின்னச்சாமி, உனக்குத் தெரியாததா? சின்ன மகளுக்கு உடுமலைப்பேட்டையில பேசியிருக்குது. சம்பந்தி ஊட்டுக்காரங்க கும்பாபிஷேகத்துக்கு வாராங்க. வந்ததும் கல்லைத்தான் படிப்பாங்க. ஆத்தா ஊரு தெரியாத வம்சம்னு அவிக திரும்பிப் போனா, புள்ளைக்கு நீ மாப்பிள்ளை பாப்பியா? மலேசியாவுல?"

அவர் பயம் நிஜமான பயம். அந்தப் பெண் உள்ளே கைப்பேசியில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"உன்ற பொண்டாட்டிக்கு ஒரு ஊரு வேணும், அவ்வளவுதானே?" என்றார். "அவிநாசின்னு போட்டுக்கலாம். பெரிய ஊரு, கோயில் இருக்குது, ஆரு போய் விசாரிக்கப் போறாங்க? அவிநாசியாள். கேக்கறக்கு எத்தன லட்சணமா இருக்குது பாரு."

உண்மையைச் சொன்னால் எனக்கே கொஞ்சம் ஆசையாக இருந்தது. கோடு போய்விடும், சண்டை இல்லை, எல்லோரும் சாப்பிடலாம். உரியவளைக் கேட்போம் என்று லெட்சுமியை அழைத்து, ஸ்பீக்கரில் வைத்தேன். அங்கே ரயில் போகும் ஓசை கேட்டது.

"அண்ணன் உனக்கு அவிநாசின்னு ஒரு ஊர் தர்றேங்கறாருங்க" என்றேன். அண்ணன் முன்னால் பேசினால் மனைவியிடமும் எனக்கு 'ங்க' வந்துவிடும்.

"அவிநாசியா? அங்க நான் என்னா செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்ய வேணாம்மா" என்றார் அண்ணன் கைப்பேசியை நோக்கி. "பேருக்கு."

"வணக்கம் மாமா. சாப்ட்டிங்களா?" என்றாள் லெட்சுமி. பிறகு சொன்னாள்: "எங்கம்மா சிகாமட்லதான் பால்மரம் வெட்டுனாங்க. நான் அங்கதான் பொறந்தேன். தரணியும் அங்கதான் பொறந்தா. எனக்குச் சொந்தமா ஒரு ஊர் இருக்கையில எதுக்கு மாமா இரவல் ஊர்? சிகாமட்னு போடுங்க. இல்லாட்டி அந்தக் கோடே இருக்கட்டும், நேராத்தான் இருக்கு."

அண்ணன் கைப்பேசியை என்னிடம் தள்ளினார். "சிகாமட்டாளா? கோயில் கல்லுலயா? சம்பந்தி கேட்டா என்னன்னு சொல்லுவேன், சிகாமட்டு பெருந்துறைக்கு அந்தப் பக்கம்னா?"

"அப்ப என் பேரையும் எடுத்துருங்ணா" என்றேன்.

"உன்ற இஷ்டம்." பிறகு அவரே எழுந்தார். "சண்டைய அப்புறம் பாத்துக்கலாம், சோறு ஆறிப்போவுது. வா."

நான் சாப்பிட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு கிளம்பியது அப்போதுதான். வாசலில் நங்கை மஞ்சப்பையைக் கையில் திணித்தார். அரக்குச் சேலை.

"உங்க ஊட்டுல குடுங்க. அவிக ஊரு பேரு எனக்கு வாயில நுழையாதுங்க. இதுவும் ஊரு சொல்லாம வெச்ச சேலைதானே. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போவும்."

"கட்டுனா பொறந்த ஊடு இல்லாமப் போயிருமுன்னு சொன்னீங்களே."

"அவிகளுக்குத்தான் இருக்குதே. இப்பத்தான போன்ல கேட்டேன்" என்றார். பிறகு உள்ளே பார்த்துவிட்டு, "உங்க அண்ணனக் கோவிச்சுக்காதீங்க. புள்ளையப் பெத்தவிக. நான் பேசிக்கறேன்" என்றார். நங்கை பேசிக்கொள்கிறேன் என்றால் அந்த வீட்டில் கோழிகள்கூட ஒதுங்கி நிற்கும்.

7

அவிநாசியில் ஒரு லாட்ஜில் தங்கினேன். விமானம் அடுத்த வாரம். ஊரில் எனக்கென்று இருந்த வீட்டுப் பங்கை அப்பா வைத்தியத்துக்கு விற்றாகிவிட்டது, போக வேறு இடமில்லை. லெட்சுமிக்குச் சேலையைப் படம் எடுத்து அனுப்பினேன், யாருடையது என்பதையும் எழுதினேன். கடைசியில் பதில் வந்தது: "முந்தி எந்தப் பக்கம்னு கேட்டு வாங்க. உங்க ஊர்ல எப்படிக் கட்டுவாங்களோ அப்படியே கட்டுறேன்."

காலையில் எழுந்ததும் சும்மா இருக்க முடியவில்லை. சும்மா இருக்கும் வித்தை எனக்கு எந்த நாட்டிலும் கைவரவில்லை. குலதெய்வக் கல் சாலையோரம் ஒரு கல் பட்டறையில்தான் வெட்டுகிறார்கள் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அதை ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்று நடந்தேன்.

பட்டறையில் தூசி பனிபோல நின்றது. நிறைய சாமிகள் கண் திறக்காமல் வரிசையாக நின்றார்கள். முதலாளி, தலையில் துண்டு கட்டியவர், தனியாக ஒரு இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பீகார்ப் பையன்கள் பண்டிகைக்கு ஊர் போய்விட்டார்களாம்.

"வேலைக்கா வந்தீங்க?" என்றார், என் பையைப் பார்த்து.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமாங்க" என்று வந்தது.

"என்ன வேலை தெரியும்?"

"பாரம் தூக்குவேன், வண்டி ஓட்டுவேன், தண்ணி பிடிப்பேன்."

"தண்ணி பிடிக்கத்தான் ஆள் வேணும். பாலிஷ் போடறப்ப கல்லு சூடாயிரும். இங்கயே படுத்துக்கலாம். எந்த ஊருங்க?"

"சிகாமட்டுங்க."

"அது எங்க இருக்குது?"

"தெக்கேங்க. ரொம்பத் தெக்கே."

"தூத்துக்குடிப் பக்கமா?"

"அதையும் தாண்டிங்க."

அவர் தலையாட்டினார், தூத்துக்குடியைத் தாண்டி நிறைய ஊர் இருக்கத்தான் செய்யும் என்பதுபோல. அதற்குமேல் கேட்கவில்லை.

எங்கள் கல் நடுவில், சாய்ப்பு மரத்தில் நின்றது. உச்சியில் நாச்சிமுத்து குதிரையோடு தயார். சிற்பி நேர்மையானவர், படத்தில் இருந்தபடி ஐந்து கால்களையும் செதுக்கியிருந்தார். கீழே பெயர்கள் வெள்ளைப் பென்சிலால் எழுதியிருந்தன, இன்னும் உளி படவில்லை.

"இது எப்பங்க முடியும்?" என்று கேட்டேன்.

"இதுவா?" முதலாளி வெறுத்துப்போய் இயந்திரத்தை நிறுத்தினார். "விடிஞ்சதும் விடியாததுமா ஒரு அம்மா போன் போட்டாங்க. மேல ஒரு பேரு குறையுது, கீழ ஒரு பேரு குறையுது, நான் வந்து சொல்ற வரைக்கும் உளி வைக்காதீங்கன்னாங்க. பின்னாடியே அவங்க ஊட்டுக்காரர் போன் போட்டாரு. வெட்டச் சொல்லப் போறாராக்கும்னு நெனச்சேன். 'அவ சொன்ன மாதிரியே பண்ணுங்க'ன்னு வெச்சுட்டாரு. கும்பாபிஷேகம் நெருங்கிருச்சு, எனக்கு எடம் அடையுது. வந்ததுக்கு முதல்ல இதை அக்கட்டால தள்ளு."

நான் பையையும் மஞ்சப்பையையும் தூசி படாத இடமாகப் பார்த்து ஒரு அம்மன் மடியில் வைத்தேன். அவர் ஒரு பக்கம் கடப்பாறை போட, நான் மறுபக்கம் தோள் கொடுத்தேன். கனமான கல். உருளைக்கட்டைமேல் மெதுவாக நகர்த்திச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தினோம். என் பெயரும் அதற்குப் பக்கத்துக் கோடும் என் மூக்குக்கு நேராக இருந்தன. வேர்வையோடு தோள் உரசியதில் கோட்டில் பாதி அழிந்துவிட்டது.

"முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பி வை, அழுக்காயிரும்" என்றார் முதலாளி.

திருப்பி வைத்தோம். பிறகு நான் குழாயை எடுத்து, வேறு யாரோ ஒரு குடும்பத்தின் கல்லுக்குத் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தேன்.